ஸ்டிக்கரோடு உரியும் தோல்: வாசகர் கேள்வி பதில்

(இதயப் பிரிவில் ஈசிஜி டெக்னீஷியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது பாராமெடிக்கல் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியை பதில் எழுதுகிறார். இம்முறை வந்த கேள்விகளில், உடம்பின் மின் சிக்னலை வாங்கத் தோலில் ஒட்டும் எலக்ட்ரோடு பற்றியவை மட்டும்.)

என் அம்மாவுக்கு 78 வயது. படபடப்பு என்று, ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியை மாட்டினார்கள். கழற்றும்போது இரண்டு இடத்தில் ஸ்டிக்கரோடு தோலும் உரிந்து வந்துவிட்டது. ரிப்போர்ட்டிலோ பல மணி நேரம் 'ஆர்ட்டிஃபாக்ட்' (இதயத்திலிருந்து வராத பொய்ச் சிக்னல்) என்று போட்டிருக்கிறது. மறுபடியும் மாட்டச் சொல்கிறார்கள். ஒட்டியிருப்பதே தெரியாத மெல்லிய எலக்ட்ரோடு வந்துவிட்டதாமே, அது கிடைக்காதா?
வாசகி, கும்பகோணம்

முதலில் அம்மாவைப் பார்ப்போம், மெல்லிய எலக்ட்ரோடு அப்புறம். உரிந்த இடம் ஆறும் வரை அங்கே எதையும் ஒட்ட விடாதீர்கள். மாட்ட வருபவரிடம் போன தடவை தோல் உரிந்ததை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அவர் ஒரு விரல் தள்ளி ஒட்டலாம், குழந்தைகளுக்கான சின்ன ஸ்டிக்கரைப் போடலாம், பசை மென்மையான வகை இருந்தால் அதை எடுக்கலாம். அன்றைக்குக் காலையில் குளிப்பாட்டி, நெஞ்சில் பவுடரோ எண்ணெயோ இல்லாமல் துடைத்துவிடுங்கள். பவுடர் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டு மணி நேரத்தில் ஓரம் தூக்கும். அப்படித் தூக்கினதுதான் பாதி ஆர்ட்டிஃபாக்டுக்குக் காரணம்.

கழற்றுவதுதான் முக்கியம். நம்மில் பெரும்பாலோர் ஸ்டிக்கரை மேல்நோக்கி ஒரே இழுப்பில் பிடுங்குகிறோம். அப்படிச் செய்யக் கூடாது. ஓரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஊற வையுங்கள். ஒரு கையால் பக்கத்துத் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்டிக்கரைத் தோலோடு தோலாகப் படுக்க வைத்து மடித்து, மெல்ல மெல்ல உருட்டி எடுங்கள். வயதாக ஆக மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்துவிடும். பசையின் பிடி அதைவிடப் பலமாக இருந்தால் தோல்தான் விட்டுக்கொடுக்கும். டெக்னீஷியன் அவசரத்தில் பிடுங்க வந்தால், "நானே எடுத்துத் தரேன், ஒரு நிமிஷம் பொறுங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. மயிரிழையை விட நூறு மடங்கு மெல்லிய எலக்ட்ரோடு இருப்பது உண்மை. ஆனால் இன்றைக்கு அது நீங்கள் போகும் லேபில் கிடைக்காது, ஆராய்ச்சிக்கூடங்களில்தான் இருக்கிறது. நடைமுறையில் வந்திருப்பது நெஞ்சில் ஒட்டும் ஒற்றைப் பேட்ச். அமெரிக்காவில் ஜியோ என்ற பேட்ச்சை 14 நாள் வரை போட்டுக்கொள்கிறார்கள். ஒயர் கிடையாது. ஆனால் அதுவும் பசைதான், தடிமனும் உண்டு. அம்மாவின் தோலுக்கு 14 நாள் பசை ஒத்துவருமா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதை ஒட்டினால் உடம்புக்குள் கரண்ட் போகுமா? பேஸ்மேக்கர் வைத்தவர் போட்டுக்கொள்ளலாமா?
வாசகர், திருநெல்வேலி

ஈசிஜி, ஹோல்டர் கருவிகள் உடம்பிலிருந்து வருவதை வாங்கிப் பதிவு செய்பவை. எலக்ட்ரோடு ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்கவும் மூச்சை எண்ணவும் சில மானிட்டர்கள் நம்மால் உணரவே முடியாத அளவு சிறிய மின்னோட்டத்தை அனுப்புவது உண்டு, அது பாதுகாப்பு வரம்புக்குள்தான். பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் ஈசிஜி, ஹோல்டர் எடுக்கிறோம். பேஸ்மேக்கர் இருப்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள், ரிப்போர்ட் படிப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும். வலிக்கு ஒட்டிக் கரண்ட் கொடுக்கும் பிசியோதெரபி கருவி வேறு. அதற்கு டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள்.

பயோமெடிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உலோகம் மின்சாரத்தைக் கடத்தும்தானே? ஒரு வெள்ளித் தகட்டை நேராகத் தோலில் வைத்தால் போதாதா? ஜெல் எதற்கு? அப்புறம் அதை மெல்லிசாக்குவதால் என்ன லாபம்?
மாணவர், சேலம்

தம்பி, இந்தத் துறையின் முக்கால்வாசி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இதயத் துடிப்பு நெஞ்சுத் தோலுக்கு வரும்போது சுமார் 1 மில்லிவோல்ட். மூளை அலை தலைத்தோலில் அதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு குறைவு. இவ்வளவு சின்ன சிக்னலை வாங்க வேண்டிய வாசலில் தோலின் மேலடுக்கு நிற்கிறது. உயிரற்ற செல்கள் காய்ந்து அடுக்கடுக்காக இருக்கும் அந்தப் பகுதி உடம்பின் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான். ஆனாலும் மின்சாரத்துக்கு அது பெரிய தடை. இன்னொரு சிக்கல், உடம்புக்குள் மின்சாரம் என்றால் சோடியம், பொட்டாசியம், குளோரைடு அயனிகளின் ஓட்டம். ஒயருக்குள் எலக்ட்ரான் ஓட்டம். ஒன்று மற்றொன்றாக மாறும் இடம்தான் எலக்ட்ரோடு. வெள்ளியின் மேல் வெள்ளி குளோரைடு பூசினால் அந்த மாற்றம் சலசலப்பில்லாமல் நடக்கும். ஜெல்லில் இருக்கும் குளோரைடு உப்பு அதற்குத் துணை, ஈரம் தோலின் தடையைக் குறைக்கிறது. நாம் தினமும் ஒட்டும் ஸ்டிக்கரின் நடுவில் தெரியும் சாம்பல் பொட்டு அந்த வெள்ளி–வெள்ளி குளோரைடுதான்.

தோல்தான் சிக்கல் என்பது முதல் நாளிலிருந்தே தெரிந்த விஷயம். நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐந்தோவன் என்ற மருத்துவ விஞ்ஞானி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈசிஜி எடுத்தபோது, நோயாளியின் இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத் தண்ணீர் நிரம்பிய தொட்டிகளில் வைக்கச் சொன்னார். அவருடைய கருவி சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர் தேவை. மருத்துவமனைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால் 1905-இல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக நோயாளியின் சிக்னலைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தார். 1924-இல் நோபல் பரிசு பெற்றார். கருவி உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்தத் தொட்டித் தண்ணீர் மட்டும் ஜெல்லாக மாறி இன்னும் நம்மோடு இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே நாம் தண்ணீரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெல்லின் குறை, அது காய்ந்துவிடும். காய்ந்ததும் தடை ஏறும், பேஸ்லைன் என்னும் அடிக்கோடு மேலும் கீழும் அலையும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வரும். அசைவு வேறு. நோயாளி கையைத் தூக்கும்போது தோல் இழுபடுகிறது, ஆனால் தடித்த ஸ்டிக்கர் தோலோடு சேர்ந்து இழுபடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நடக்கும் உரசலும் இழுப்பும் திரையில் மலைபோல் எழுகின்றன. தோல் இழுபடும்போதே அதன் மேலடுக்குக்குக் குறுக்கே உள்ள மின்னழுத்தம் மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள். அது எலக்ட்ரோடின் தப்பில்லை, எந்த எலக்ட்ரோடு போட்டாலும் கொஞ்சம் இருக்கும்.

இங்கேதான் மெல்லிசு வேலை செய்கிறது. ஒரு படலம் வளைய மறுக்கும் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். கனத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் விறைப்பு ஆயிரத்தில் ஒன்று. காஜு கத்லி மேலிருக்கும் வெள்ளித்தாள் விரலில் பட்டால் கைரேகைக்குள் இறங்கி அப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பாய். பசை ஏதும் இல்லை. அதே மாதிரி, போதுமான அளவு மெல்லிய படலம் தோலின் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கி, மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். தொடும் பரப்பு கூடுகிறது, அதனால் ஜெல் இல்லாமலே தடை குறைகிறது. தோல் நீண்டால் அதுவும் நீளும், உரசல் குறைகிறது.

2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு இதைச் செய்து காட்டியது. கம்பிகளை நேர்கோடாகப் போடாமல் பாம்பு ஊர்ந்த தடம்போல் வளைத்து வளைத்துப் போட்டார்கள். இழுத்தால் அந்த வளைவு நிமிரும், கம்பி அறாது. தண்ணீரில் கரையும் தாளில் வைத்து ஒட்டி, தாளை நனைத்துக் கரைத்தார்கள். இதயம், தசை, மூளை மூன்றின் சிக்னலும் வந்தன. தொண்டையில் ஒட்டி, ஆள் பேசும் சொல்லைத் தசைச் சிக்னலிலிருந்து பிரித்து, அதை வைத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை நகர்த்தியும் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்ததில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகாவோ சோமேயா குழுவின் 2017 வேலை. மற்றவர்கள் படலம் செய்தார்கள், இவர்கள் வலை செய்தார்கள். பிவிஏ என்ற தண்ணீரில் கரையும் பாலிமரை நானோ நூலாக இழைத்து, அதன்மேல் தங்கம் பூசி, தோலில் வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். நூல் கரைந்துபோக, தங்க வலை மட்டும் தோலில் படிந்தது. வலை என்பதால் வியர்வை ஆவியாகிப் போக வழி இருக்கிறது. ஒரு வாரம் ஒட்டி வைத்துச் சோதித்தபோது, அடைத்து மூடும் படலங்களை விட அழற்சி வெகுவாகக் குறைந்தது. நம் ஊர் வெயிலில் ஸ்டிக்கருக்குக் கீழே வேர்க்குருவும் அரிப்பும் வந்து நோயாளிகள் தவிப்பதைப் பார்த்தவள் நான். மெல்லிசாக இருப்பதோடு மூச்சுவிடவும் வேண்டும் என்று அவர்கள் யோசித்ததை அதனால்தான் பெரிதாகச் சொல்கிறேன்.

அதே ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் நான்ஷு லூ, தேஜி அகின்வாண்டே குழுக்கள் கிராஃபீனில் (ஒரே அணு கனமுள்ள கார்பன் படலம்) பச்சை குத்தியதுபோல் ஒட்டும் எலக்ட்ரோடு செய்தன. மொத்தக் கனம் சுமார் 460 நானோமீட்டர், அதாவது அரை மைக்ரானுக்கும் கீழே. 85 சதவீத ஒளி ஊடுருவிப் போவதால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. 40 சதவீதத்துக்கு மேல் இழுத்தாலும் தாங்கும்.

நான் பச்சிளங்குழந்தை ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ். எடை குறைந்த குழந்தைகளுக்கு லீட் (ஒயரோடு கூடிய எலக்ட்ரோடு) ஒட்டுவதும் எடுப்பதும் எங்களுக்குத் தினம் ஒரு பயம். இந்தப் புது எலக்ட்ரோடுகள் எங்களுக்கு எப்போது வரும்?
வாசகி, மதுரை

சிஸ்டர், யாருக்கு முதலில் வர வேண்டும் என்று என்னைக் கேட்டால் உங்கள் வார்டைத்தான் காட்டுவேன். மேல்தோல் முழுசாக உருவாவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தத் தடுப்பு அடுக்கு சில செல் கனம்தான் இருக்கும். பசை அதைப் பிய்த்தால் நீர் இழப்பு, கிருமி தொற்றல், ஆயுளுக்கும் நிற்கும் தழும்பு. சின்ன நெஞ்சில் மூன்று லீட், காலில் ஆக்சிஜன் சென்சர், வயிற்றில் டெம்பரேச்சர் புரோப், அத்தனைக்கும் ஒயர். குழந்தையைப் புரட்ட ஒரு கை, ஒயரைப் பிடிக்க ஒரு கை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2019 மார்ச்சில் சயின்ஸ் இதழில் வந்த ஒரு வேலையைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ராஜர்ஸ் அதற்குள் சிகாகோவை ஒட்டிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். அங்குள்ள குழந்தை மருத்துவர்களோடு சேர்ந்து, ஒயரே இல்லாத இரண்டு மெல்லிய பட்டைகளைச் செய்தார்கள். ஒன்று நெஞ்சுக்கு, ஈசிஜி எடுக்கும். மற்றொன்று பாதத்தைச் சுற்றி, ஆக்சிஜன் அளவு பார்க்கும். முதல் வடிவத்தில் பேட்டரிகூடக் கிடையாது. மெத்தைக்கு அடியில் வைத்த ஆன்டெனா மின்சாரத்தையும் அனுப்பியது, தகவலையும் வாங்கியது. நெஞ்சில் ஒரு துடிப்பு தொடங்கி, அதன் நாடி பாதத்துக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளந்தால் ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் ஊகிக்கலாம் என்பதைக் காட்டினார்கள். பட்டை லேசாகவும் நெளிவாகவும் இருந்ததால் பலமான பசை தேவைப்படவில்லை. பட்டைக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று எடுக்காமலே பார்க்கவும் முடிந்தது. 28 வாரத்தில் பிறந்த குழந்தை முதல் நிறைமாதக் குழந்தை வரை, வழக்கமான மானிட்டரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள்.

இதில் என்னை உலுக்கியது அளவுகள் அல்ல, தாயின் கைதான். கங்காரு பராமரிப்பு 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர் இன்குபேட்டர் போதாத நெருக்கடியில் தொடங்கியது. தாயின் வெற்று நெஞ்சில் குழந்தையைச் சாய்த்துக் கட்டி வைப்பது. உயிர் காக்கும் வழி என்று நிரூபணமானது. ஐசியூவில் அதற்குப் பெரிய இடைஞ்சல் எது? ஒயர். அம்மா நாற்காலியில் உட்கார, நர்ஸ் ஒவ்வொரு லீடாக நகர்த்த, அலாரம் அடிக்க, பயந்துபோய் அம்மாவே "வேண்டாம் சிஸ்டர், படுக்க வச்சிடுங்க" என்பார். ஒயரில்லாப் பட்டை போட்டால் அந்தப் பயம் போகும். அடுத்து 2020-இல் வெளியிட்ட வடிவத்தில் சிறு பேட்டரியும் புளூடூத்தும் வைத்தார்கள், மெத்தையை விட்டு எடுத்து அணைத்துக்கொண்டாலும் சிக்னல் வந்தது. கர்ப்பிணிகளுக்கான இதே வகைச் சென்சர்களைச் சிகாகோவில் மட்டுமல்ல, சாம்பியாவின் லுசாகாவிலும் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். பணக்கார நாட்டு ஐசியூவோடு நின்றுவிடக் கூடாது என்ற அந்த எண்ணத்துக்காகவே அந்தக் குழுவை மதிக்கிறேன்.

அது வரும்வரை உங்கள் கையில் இருப்பது: ஹைட்ரோஜெல் வகை லீட், பசையின் ஓரத்தைச் சின்னதாக வெட்டிக் குறைப்பது, எடுக்கும் முன் நன்றாக ஊறவைப்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டாமல் இருப்பது. பென்சாயின் டிங்சர் போட்டுப் பிடிப்பை இறுக்கும் பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

வலிப்புக்காக என் மகளுக்கு மூளை அலையைப் பதியும் இஇஜி எடுக்கிறோம். தலை முழுக்கப் பேஸ்ட். முடியில் காய்ந்து, கழுவக் கழுவப் போவதில்லை. அடுத்த தடவை என்றாலே அழுகிறாள். மூளைக்கும் இந்த மெல்லிய எலக்ட்ரோடு வருமா?
வாசகர், ஈரோடு

தலைமுடிதான் இதில் வில்லன். நெற்றியில் படலம் ஒட்டலாம், முடிக்கு நடுவே எப்படி ஒட்டுவது? ஆஸ்டினில் நான்ஷு லூ குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட வழி புதுசு. படலம் செய்து ஒட்டாமல், மின்சாரம் கடத்தும் பாலிமர் மையைப் பிரின்டர் மூலம் தலைத்தோலிலேயே தெளித்தார்கள். முடிக்கு இடையில் இறங்கி, காய்ந்து, மெல்லிய எலக்ட்ரோடாக நின்றது. பக்கத்திலேயே வழக்கமான ஜெல் எலக்ட்ரோடுகளையும் வைத்தார்கள். ஆறு மணி நேரத்தில் ஜெல் காயத் தொடங்கி, அந்த எலக்ட்ரோடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை சிக்னலை இழந்தன. மை எலக்ட்ரோடு 24 மணி நேரம் நிலையாக நின்றது. சோதித்தது குட்டை முடி வைத்தவர்களிடம். நீளமான அடர்த்தியான கூந்தலுக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

மகளுக்கு: முதல் நாள் இரவு ஷாம்பு போட்டு அலசிக் காயவையுங்கள், எண்ணெய் கூடாது. முடிந்த பிறகு பேஸ்டைக் காயவிடாமல், அங்கேயே வெந்நீர்த் துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். வீட்டுக்கு வந்து கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுங்கள். அழுகை பாதி குறையும்.

கையில் கட்டும் வாட்ச்சிலேயே ஈசிஜி வருகிறதே, இதெல்லாம் எதற்கு?
வாசகர், சென்னை

வாட்ச்சில் வருவது ஒரே ஒரு லீட், அதாவது இதயத்தை ஒரே கோணத்தில் பார்க்கும் படம். மறுகை விரலை அதன்மேல் வைத்துக்கொண்டிருக்கும் அரை நிமிடம்தான் பதியும். படபடப்பு வரும்போது எடுத்து டாக்டரிடம் காட்ட நல்ல உதவி. தூக்கத்தில் வரும் கோளாறையோ, நெஞ்சுவலிக்காரரின் 12 லீட் படத்தையோ அது தராது. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

பயோமெடிக்கல் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு, டெம்பரரி டாட்டூ தாளில் கடத்தும் மையை அச்சிட்டு எலக்ட்ரோடு செய்யப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
மாணவிகள் குழு, கோயம்புத்தூர்

நல்ல வழியைப் பிடித்திருக்கிறீர்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிரான்செஸ்கோ கிரேக்கோ குழுவினர் இத்தாலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, கடையில் வாங்கும் டாட்டூ தாளிலேயே இன்க்ஜெட்டில் பாலிமரை அச்சிட்டு 2018-இல் காட்டியிருக்கிறார்கள். ஒட்டிய பிறகு முடி படலத்தைத் துளைத்துக்கொண்டு வளர்ந்தாலும் அது வேலை செய்தது.

உங்களுக்குத் தலைவலி கொடுக்கப் போவது எலக்ட்ரோடு அல்ல, அதிலிருந்து ஒயருக்குப் போகும் இணைப்பு. ஒரு மைக்ரான் கனப் படலத்தில் ஒரு மில்லிமீட்டர் கனக் கிளிப்பை மாட்டினால், முதல் இழுப்பிலேயே அந்த விளிம்பில் கிழியும். அச்சிடும்போதே ஒரு வாலை நீட்டிவிட்டு, அதற்குப் பின்னால் சற்றுக் கனமான பிளாஸ்டிக் தாளை வைத்து, கனம் படிப்படியாகக் கூடுவதுபோல் செய்து பாருங்கள்.

அளவெடுக்கும்போது ஜெல் எலக்ட்ரோடையும் உங்களுடையதையும் ஒரே ஆளுக்கு, ஒரே நேரத்தில், பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் எடுத்து ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை. தோல் தடையை ஒரே அதிர்வெண்ணில் சொல்லி முடித்துவிடாதீர்கள், 1 ஹெர்ட்ஸ் முதல் ஆயிரம் வரை எடுங்கள். ஜெல் இல்லாத உலர் எலக்ட்ரோடு சறுக்குவது குறைந்த அதிர்வெண்ணில்தான், மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் பார்க்கும் ஈசிஜியின் எஸ்.டி பகுதி இருப்பதும் அங்கேதான். உட்கார்ந்தபடி ஒன்று, மாடிப்படி ஏறி இறங்கி ஒன்று, வியர்த்த பிறகு ஒன்று எடுங்கள். இருபது வயது வகுப்புத் தோழிகளின் கையில் மட்டும் ஒட்டிவிட்டு முடிக்காமல், கல்லூரி நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அறுபதைத் தாண்டிய சிலரிடமும் சம்மதத்தோடு பாருங்கள். கழற்றியதும் தோலைப் படம் பிடித்து ரிப்போர்ட்டில் சேருங்கள். சிக்னல் படத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் படமும் இருக்கட்டும்.